பின்வரிசையில் ஒரு கதிரை: வன்னிக்கு வரும் புதிய ஆசிரியருக்கு

நியமனக் கடிதத்தோடு மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் புதிய ஆசிரியரை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். புதுச் சப்பாத்து, பிளாஸ்ரிக் பைல், சாப்பாட்டுப் பை. முகத்தில் இரண்டு கேள்வி எழுதியிருக்கும். பின்னேரம் திரும்பிப் போக பஸ் இருக்குமா? இடமாற்றம் எப்போது கிடைக்கும்? மூன்றாவது கேள்வி வர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒருநாள் ஆசிரியர் அறையில் யாரோ சொல்வார்கள்: "நாளைக்கு வலயக் கல்விக் கந்தோரில இருந்து மேற்பார்வைக்கு வருகினமாம்." அன்றிரவு பாடக்குறிப்புப் புத்தகத்தோடுதான் விடியும்.

அப்படி ஓர் இரவு உங்களுக்கு வராமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் இரண்டு பக்கமும் இருந்தவன். பின்னால் அதிகாரிகள் இருக்கப் படிப்பித்திருக்கிறேன். பிறகு மற்றவர்களின் வகுப்பில் பின்னால் போய் இருந்தும் இருக்கிறேன். எங்கள் முறை ஆசிரியரின் கடதாசியை நன்றாகப் பார்க்கிறது, பிள்ளையைக் குறைவாகப் பார்க்கிறது. இதை மாற்ற ஒரு சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சின்னப் பாடசாலை ஒன்றில் இரண்டு ஆசிரியர்கள் மனம் வைத்தாலே கொஞ்சம் திருப்பலாம்.

படி 1: யார், எதற்காகப் பார்க்கிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் எல்லாவற்றையும் 'இன்ஸ்பெக்‌ஷன்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவார்கள். உண்மையில் அதற்குள் நாலு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, உங்கள் சேவை. இலங்கை ஆசிரியர் சேவை 1994இல் உருவானது. 2014 ஒக்ரோபரில் வர்த்தமானியில் வந்த சேவைப் பிரமாணக் குறிப்புத்தான் இன்றைய நடைமுறைகளுக்கு அடிப்படை. முதல் மூன்று வருடம் தகுதிகாண் காலம். அதன்பின் சேவை உறுதிப்படுத்தல், வருடாவருடம் சம்பள ஏற்றம், காலம் வர 3ஆம் வகுப்பிலிருந்து 2, பிறகு 1 என்று பதவி உயர்வு. இவையெல்லாம் அதிபரின் ஒப்பம், வலயத்தின் சிபாரிசு, உங்கள் சுயவிபரக் கோவையில் உள்ள தாள்கள் ஆகியவற்றில் ஓடுகின்றன. வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று இந்தப் படிவங்கள் பெரிதாகக் கேட்பதில்லை. 'திருப்திகரமானது' என்ற ஒரு சொல் போதும். நான் அறிய அந்தச் சொல் கிடைக்காமல் போனவர் மிகக் குறைவு. எல்லோருக்கும் கிடைக்கிற சொல்லுக்கு என்ன பெறுமதி இருக்கப்போகிறது?

இரண்டாவது, அதிபரோ பகுதித் தலைவரோ செய்யும் வகுப்பறை மேற்பார்வை. மூன்றாவது, ஆசிரியர் ஆலோசகரின் வருகை. மூத்தவர்கள் இன்னும் ஐஎஸ்ஏ என்றுதான் சொல்வார்கள். அவர் உங்கள் பாடத்தில் உதவி செய்ய வருபவர், சம்பள ஏற்றப் படிவத்தில் ஒப்பமிடுபவர் அல்ல. இது தெரியாமல் அவரைக் கண்டதும் நடுங்குகிற புதியவர்கள் பலர். பயத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவார்கள்.

நாலாவது, முழுப் பாடசாலையையும் பார்க்கும் மதிப்பீடு. மாணவர் அடைவு, கற்றல் கற்பித்தல், இணைப்பாடவிதானம், மாணவர் நலன், முகாமைத்துவம், பௌதிக வளம், சமூகத் தொடர்பு முதலான எட்டுத் துறைகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள். பாடசாலை தானே தன்னைப் பார்ப்பது உள்ளக மதிப்பீடு, வலயமோ மாகாணமோ குழுவாக வந்து பார்ப்பது வெளிவாரி மதிப்பீடு. குழு வரும் நாளில் உங்கள் வகுப்புக்குள்ளும் ஒருவர் வருவார். ஆனால் அவர் தேடுவது பாடசாலையின் நிலையை. உங்கள் மேல் தனியாக ஒரு கண் வைத்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

எந்த வலயம், அதற்குள் எந்தக் கோட்டம் என்பதையும் முதல் கிழமையிலேயே தெரிந்துகொள்ளுங்கள். முல்லைத்தீவு மாவட்டத்துக்குள்ளேயே முல்லைத்தீவு, துணுக்காய் என்று இரண்டு வலயங்கள். வவுனியாவில் வடக்கும் தெற்கும். மன்னார்ப் பக்கம் போனால் மடு தனி. மல்லாவியில் இருக்கும் ஆசிரியர் முல்லைத்தீவு நகருக்குக் கடிதத்தைக் கொண்டுபோய் அலைந்த கதையெல்லாம் உண்டு. தேசிய பாடசாலை என்றால் நிர்வாகம் மத்திய அமைச்சோடு. மற்றவை மாகாணத்தோடு.

படி 2: கோவையை ஒரு சனிக்கிழமையில் முடியுங்கள்

நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், சான்றிதழ்கள், பயிற்சிகளின் சான்றுகள், வருடாந்த சம்பள ஏற்றக் கடிதங்கள். எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக்கொப்பி எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். சம்பள ஏற்றத் திகதியைக் கலண்டரில் குறித்து, ஒரு மாதம் முன்பே அதிபரிடம் நினைவூட்டுங்கள். வினைத்திறன் காண் தடைதாண்டலுக்கான மொடியூல்கள், இரண்டாம் மொழித் தேர்ச்சி ஆகியவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட வேண்டாம். தர உயர்வு வரும்போது இவைதான் காலை வாரும். ஆசிரியர் பயிற்சி இல்லாத பட்டதாரி என்றால் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தலைக் கவனித்துக்கொண்டிருங்கள். தேசிய கல்வி நிறுவகமும் திறந்த பல்கலைக்கழகமும் வேலையை விடாமலே படிக்க வழி வைத்திருக்கின்றன.

போரில் இடம்பெயர்ந்து, இருந்த கோவையைத் தொலைத்து, பழைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டு தாங்கள் ஆசிரியர்தான் என்று நிரூபித்த மூத்தவர்கள் எங்களோடு வேலை செய்தார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், போட்டோக்கொப்பியின் அருமையைச் சொல்வார்கள்.

படி 3: அதிகாரி வருமுன் ஒரு நண்பரை வரச் சொல்லுங்கள்

இதுதான் முக்கியமான படி. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடமையேற்று ஒரு மாதத்துக்குள், பாடசாலையில் உங்களுக்குப் பிடித்த ஒருவரிடம் போய், "ரீச்சர், என்ர வகுப்பில ஒரு பாடவேளை பின்னால வந்து இருப்பீங்களோ?" என்று கேளுங்கள். அவர் அதே பாடம் படிப்பிக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் வேறு பாடக்காரர் வந்தால் இன்னும் நல்லது. கணித ஆசிரியரின் வகுப்பில் இன்னொரு கணித ஆசிரியர் இருந்தால் கணக்கைத்தான் பார்ப்பார். சங்கீத ரீச்சர் இருந்தால் பிள்ளைகளைப் பார்ப்பார்.

வருபவரிடம் ஒரேயொரு வேலை கொடுங்கள். "எப்படி இருக்குது என்று பாருங்கோ" என்று சொல்லிவிட்டால் "நல்லாத்தான் இருக்குது" என்ற பதிலோடு அவர் போய்விடுவார். கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். யார் யார் பதில் சொல்கிறார்கள்? பலகையில் எழுதியதைப் பார்த்து எழுத எத்தனை பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்? நான் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறேன்?

ஒரு தாளில் வாங்குமேசைகளைப் படமாக வரைந்து, பிள்ளை பதில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இதைவிடப் பெரிய படிவம் எதுவும் தேவையில்லை. ஒருமுறை தரம் 4 கணித வகுப்பு ஒன்றில் நான் அப்படி இருந்தேன். பாதி, கால், முக்கால் பற்றிய பாடம். ஆசிரியை நல்ல கெட்டிக்காரி. குரல், பலகை எழுத்து, கொண்டுவந்த தோடம்பழம் எதிலும் குறை சொல்ல முடியாது. மணியடித்த பிறகு படத்தைக் கொடுத்தேன். கோடுகள் எல்லாம் முன்வாங்கில் இருந்த ஐந்து பிள்ளைகளின் மேல் குவிந்து கிடந்தன. யன்னல் பக்கம் முழுக்க வெறுமை. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாரும் சொன்னவை போலத்தானே எனக்கு இருந்தது, சேர்" என்றார். முன்னால் நிற்கிறவருக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

அடுத்த கிழமை அவர் செய்தது என்னுடைய யோசனை அல்ல, அவருடையதே. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று புளியங்கொட்டை. ஒரு தடவை பதில் சொன்னால் ஒரு கொட்டையை ரின்னுக்குள் போட வேண்டும். மூன்றும் முடிந்தவர்கள் மற்றவர்கள் போடும்வரை பொறுத்திருக்க வேண்டும். முன்வாங்குக்காரர்கள் பத்து நிமிடத்தில் காலி. பிறகு அந்த வகுப்பில் ஒரு மௌனம் வந்தது பாருங்கள்! முதல் நாள் அதைத் தாங்குவது ஆசிரியைக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

பார்த்ததைப் பற்றிக் கதைக்க எப்போது நேரம்? ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடும் பாடசாலையில், மணியடித்ததும் யாழ்ப்பாணப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நிலையில், இது பெரிய கேள்வி. பின்னேரக் கூட்டம் வைத்தால் ஒருவரும் நிற்கமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இடைவேளையில் பத்து நிமிடம் போதும். அதுவும் அதே நாளில். நாள் தள்ளிப் போனால் கோடுகள் மட்டும் தாளில் இருக்கும், நடந்தது மறந்துவிடும். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து கதைத்து முடித்தவர்களும் உண்டு. ஆனால் பஸ்ஸில் பெற்றோரும் இருப்பார்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் கதைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், வருபவரின் வகுப்பை யார் பார்ப்பது? ஐந்து ஆறு ஆசிரியர்கள் உள்ள பாடசாலையில், ஒருவரே இரண்டு தரங்களை வைத்துப் படிப்பிக்கும் இடத்தில், இது உண்மையான தடை. இரண்டு வகுப்பைச் சேர்த்துச் சித்திரமோ உடற்கல்வியோ போட்டு நாற்பது நிமிடத்தைச் சமாளிக்கலாம். அதிபர் அந்த நேரம் வகுப்பை எடுக்க ஒத்துக்கொண்டால் அதைவிட நல்லது. ஒன்றும் முடியாவிட்டால் உங்கள் போனை மேசையில் வைத்துக் குரலை மட்டும் பதிவுசெய்து, இரவு நீங்களே கேளுங்கள். முதலில் வெட்கமாக இருக்கும். நான் அப்படிக் கேட்டபோது, ஒரு பாடவேளையில் "விளங்குதா?" என்று எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணத் தொடங்கி இடையில் விட்டுவிட்டேன். பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் "ஓம் சேர்" என்றிருக்கிறார்கள். விளங்காதவர்களும் சேர்த்து. வீடியோ வேண்டாம். பிள்ளைகளின் முகம் எந்த வட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேரும் என்று ஒருவருக்கும் தெரியாது.

படி 4: அவர்கள் வரும் நாள்

மேசையில் இருக்க வேண்டியவை: நேரசூசி, வேலைத்திட்டம், அன்றைய பாடக்குறிப்பு, மாணவர் வரவு இடாப்பு, கணிப்பீட்டுப் பதிவு, திருத்திய கொப்பிகள். அவர்கள் கேட்குமுன்னே எடுத்து வையுங்கள். பாடக்குறிப்பில் ஐந்து படிமுறையும் ஒழுங்காக இருக்கிறதா என்று சிலர் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற அந்த ஐந்தும் 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டத்தோடு வந்தவை. நல்ல முறைதான். ஆனால் நாற்பது நிமிடத்துக்குள், இரண்டு தரத்துக்கும் சேர்த்து, ஐந்தையும் ஓட்டுவது நடவாத காரியம். எது நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள்.

நாடகப் பாடம் போடாதீர்கள். நான் போட்டுப் பட்டவன். குழு வருகிறது என்று கேள்விப்பட்டு, முதல் நாள் எடுத்த பாடத்தையே அழகுபடுத்தித் திரும்ப எடுத்தேன். நான் கேள்வியை முடிக்கமுன்னே ஒரு பையன் எழும்பி, "இருபத்துநாலு, சேர். நேற்றும் அதுதான்" என்றான். பின்னால் இருந்த அதிகாரி சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பாடம் முடிந்ததும் அவரிடம் நீங்களே கேளுங்கள்: எந்தப் பிள்ளை கற்றதைக் கண்டீர்கள்? எந்தப் பிள்ளை விடுபட்டதைக் கண்டீர்கள்? அடுத்த பாடத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதென்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்? மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். பலர் உற்சாகமாகிவிடுவார்கள். அவர்களும் ஒரு காலத்தில் ஆசிரியர்கள், பிறகு படிவம் நிரப்பி அலுத்தவர்கள். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அவர் எழுதும் குறிப்பை அன்றே வாசித்து, உங்கள் கொப்பியில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: குறிப்பைச் செயலாக மாற்றுங்கள்

'மாணவர் மையக் கற்பித்தலில் மேலும் கவனம் செலுத்துக.' இந்த வரியை என் காலத்தில் எத்தனை புத்தகங்களில் கண்டேனோ. நானும் எழுதியிருக்கிறேன், மன்னிக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது? 'பலகையில் கணக்கைச் செய்துகாட்டுமுன், மூன்று நிமிடம் பிள்ளைகள் சோடியாக இருந்து முயல விடுவேன்' என்று மாற்றி எழுதினால் செய்யலாம். செய்தேனா இல்லையா என்று நண்பர் பின்னால் இருந்து பார்க்கவும் முடியும். ஒரு தவணைக்கு ஒரு மாற்றம் போதும்.

படி 6: பெறுபேற்றைக் கொண்டு உங்களையோ மற்றவரையோ அளக்கப் போகாதீர்கள்

புலமைப்பரிசில் பெறுபேறு வந்த அன்று ஊர் முழுக்க ஆசிரியரை மதிப்பிட்டுவிடும். வாழைக்குலையோடு வருபவர்களும் உண்டு, வாசலில் நின்று ஏசுபவர்களும் உண்டு. கணக்கை மட்டும் பாருங்கள். தரம் 5இல் ஏழு பிள்ளைகள். போன வருடம் ஒருவர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார், 14 வீதம். இந்த வருடமும் ஏழு பேர், இரண்டு பேர் தாண்டினார்கள், 29 வீதம். ஆசிரியர் இரண்டு மடங்கு கெட்டிக்காரர் ஆகிவிட்டாரா? ஒரு பிள்ளைக்குப் பரீட்சை நாளில் காய்ச்சல் வந்திருந்தால் பழையபடி 14. எங்கள் சின்னப் பாடசாலைகளில் வீதம் என்பது ஒரு பிள்ளையின் வயிற்று நோவில் ஆடுகிற ஊஞ்சல்.

பெரிய நாடுகளிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2009க்குப் பிறகு மத்திய அரசின் நிதியைப் பெறும் ஆசையில் பல மாநிலங்கள் மாணவர் புள்ளிகளை ஆசிரியர் மதிப்பீட்டோடு கட்டின. 2015இல் வந்த சட்டத்தோடு மத்திய அரசே அந்த நெருக்குதலைக் கைவிட்டது. அதே காலத்தில் கேட்ஸ் அறக்கட்டளை சில மாவட்டங்களில் ஆசிரியர் மதிப்பீட்டை முழுக்க மாற்றியமைக்கப் பெரும் பணம் இறைத்தது. 2018இல் றாண்ட் நிறுவனம் அதை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, மாணவர் அடைவில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை என்றது. அவ்வளவு பணமும் ஆளணியும் இருந்த இடத்திலேயே அப்படி.

அதற்காக அளக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை எங்கே தொடங்கியது என்பதிலிருந்து அளவிடுங்கள். தவணை தொடங்கும் கிழமையில் தரம் 2 தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பந்தியைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் குறித்து வையுங்கள். தவணை முடிவில் அதேபோல் இன்னொரு பந்தி. 18இல் இருந்து 41க்கு வந்த பிள்ளை எந்தப் பரீட்சையிலும் தெரியமாட்டாது. உங்கள் கொப்பியில் தெரியும். பக்கத்தில் வரவையும் எழுதுங்கள். காலபோக அறுவடை நேரத்தில் தம்பி தங்கச்சியைப் பார்க்க வீட்டில் நின்ற பிள்ளை, மாரியில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்ததால் வராமல் நின்ற பிள்ளை, இவர்களின் குறைவுக்கு உங்கள் கற்பித்தல் காரணம் இல்லை என்று காட்ட அந்த வரவுதான் சாட்சி. அதே வரவு, யாருக்குத் திருப்பிப் படிப்பிக்க வேண்டும் என்றும் சொல்லும்.

படி 7: பாடசாலைக்குள் இதை நிலைக்க வைத்தல்

இது அதிபர்களுக்கும், பதில் அதிபராகத் திடீரென்று கதிரையில் இருத்தப்பட்டவர்களுக்கும். ஆசிரியரைப் பாடசாலைக்குள்ளேயே வளர்ப்பது புதிய யோசனை ஒன்றுமில்லை. 2006இல் கல்வி அமைச்சு தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தோடு அதுவும் வந்தது. நடைமுறையில் பல இடங்களில் அது வலயத்தில் ஒருநாள் கருத்தரங்கு, சாப்பாட்டுப் பார்சல், வரவுக் கையொப்பம் என்று சுருங்கிப் போயிற்று.

ஒரு விதியை ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொல்லி வையுங்கள். சக ஆசிரியர் பார்த்து எழுதும் தாள் பார்க்கப்பட்டவருக்கே சொந்தம். அது சுயவிபரக் கோவைக்குள் போகாது, சம்பள ஏற்றத்துக்கோ இடமாற்றத்துக்கோ எடுபடாது. இந்த விதி உடைந்தால் அடுத்த நாளிலிருந்து ஒருவரும் கதவைத் திறக்கமாட்டார்கள். ஆசிரியர்களின் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி 2021இல் ஜூலையிலிருந்து ஒக்ரோபர் வரை இணையவழிக் கற்பித்தலை விட்டு விலகி நின்றவர்கள் அவர்கள். மதிப்பீடு என்ற சொல்லைக் கேட்டாலே 'இனி எதை வெட்டப்போகிறார்கள்' என்றுதான் முதலில் எண்ணம் போகும்.

பிறகு, முதல் வகுப்பு உங்களுடையதாக இருக்கட்டும். அதிபர் பாடம் எடுக்க, புதிய ஆசிரியர் பின்னால் இருந்து கோடு போடட்டும். நான் கண்ட ஓர் அதிபர் இதைச் செய்தார். கோடு போட்ட பிள்ளை... ஆசிரியரைத்தான் சொல்கிறேன், இருபத்தைந்து வயது... தாளைக் கொடுக்கப் பயந்து அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதிபர் கேட்டு வாங்கி, அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினார். அந்தத் தவணையில் மற்ற எல்லாக் கதவும் திறந்தன.

கொஞ்சம் பழகியபின், ஜப்பானில் நூறு வருடத்துக்கும் மேலாகச் செய்துவரும் பாட ஆய்வை முயலலாம். மூன்று நாலு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். பிறகு திருத்தி இன்னொருவர் எடுப்பார். பாடம் நாலு பேருக்கும் பொது என்பதால் பிழை ஒருவர் தலையில் விழாது. ஆள் போதாவிட்டால் பக்கத்துப் பாடசாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவணைக்கு ஒரு தடவை செய்தால் போதும். இதை வருடாந்தத் திட்டத்தில் எழுதி வைத்தால், வெளிவாரி மதிப்பீட்டில் கற்றல் கற்பித்தல் துறைக்குக் காட்டவும் ஒன்று இருக்கும்.

படி 8: போகும்போது ஒரு தாள் விட்டுப் போங்கள்

நீங்கள் போய்விடுவீர்கள். கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிய இடமாற்றம் வரும், வர வேண்டும். வீடும் பிள்ளைகளும் அங்கே இருக்க எத்தனை வருடம் இருட்டோடு எழும்பிப் பஸ் ஏறுவது? ஆனால் நீங்கள் பிள்ளைகளைப் பற்றி அறிந்ததெல்லாம் உங்களோடு பஸ் ஏறிவிடும். அடுத்தவர் திரும்பவும் முன்வாங்கிலிருந்து தொடங்குவார். இடாப்பையும் அலுமாரித் திறப்பையும் கையளிக்கும் எங்கள் முறையில் இதைக் கையளிக்க ஓர் இடமில்லை.

ஆகவே ஒரு தாள் எழுதுங்கள். வாசிப்புக் கணக்கின் கடைசிப் பக்கம், பலன் தந்த ஒரு முறை, பலன் தராத ஒரு முறை, பிள்ளைக்கு ஒரு வரி. குறைகளை எழுதும்போது பிள்ளையின் தாய் வாசித்தாலும் நோகாதபடி எழுதுங்கள். நான் கிராமப் பாடசாலை ஒன்றுக்குப் போன முதல் நாள், மேசை லாச்சிக்குள் அப்படி ஒரு தாள் கிடந்தது. எனக்கு முன் இருந்தவர் பெயர்கூட எழுதவில்லை. மூன்றே வரி:

"யன்னல் பக்கம் மூன்றாவது வாங்குக்குப் பத்து மணிக்குப் பிறகு வெயில் பட்டுப் பலகை தெரியாது. அந்தப் பிள்ளைகள் தெரியவில்லை என்று சொல்லமாட்டார்கள். ஒருக்கால் போய் இருந்து பாருங்கோ."